ஆரக்கிள எங்க போடணும், ஃபோல்டருக்கு என்ன பேர் வைக்கணும்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

எங்க டீம்ல புதுசா டிபிஏ (டேட்டாபேஸ நிர்வகிக்கற) வேலைக்கு வர்ற பசங்க முதல் வாரத்துல கேக்கறது பெரும்பாலும் இதுதான், "ஏன்ணா இவ்ளோ நீளமா ஒரு பாத்?" (பாத்-ன்னா ஃபைல் இருக்கற இடத்தோட முழு விலாசம்.) புதுசா வர்ற ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீக்கடைல நின்னு அதையே சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எழுதி வச்சுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். லினக்ஸ் மேல ஓடற ஆரக்கிள் டேட்டாபேஸ் 19சி-ய வச்சுதான் சொல்றேன், வேற ஏதாவதுன்னா அங்கங்க சொல்லியிருக்கேன். பாத், கமாண்ட் எல்லாம் தமிழ் எழுத்துல இருக்கு, டெர்மினல்ல வழக்கம்போல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

1. அண்ணா, இந்த /யூ01-ல யூ-ன்னா என்ன? ஏதாவது ஃபுல் ஃபார்ம் இருக்கா?

இல்லப்பா. அதுக்கு அர்த்தம் இல்லாம இருக்கறதுதான் அதோட வேலையே. டிஸ்க்க மவுண்ட் பண்ற இடத்துக்கு ஒரு எழுத்து, கூட ரெண்டு இலக்க நம்பர், அவ்ளோதான். /யூ01, /யூ02, /யூ03. யூ-வுக்கு பதிலா வேற எழுத்து வச்சாலும் தப்பில்ல, ஆனா உலகம் முழுக்க டிபிஏ-க்கள் யூ-வுக்கே பழகிட்டாங்க, நீங்க மட்டும் மாத்தி வச்சா அடுத்து வர்றவன் திட்டுவான்.

நம்பர் ஏன் 01, வெறும் 1 வச்சா என்னன்னும் கேப்பாங்க. எல்எஸ் (ஃபோல்டர் பட்டியல் காட்டற கமாண்ட்) அடிச்சுப் பாருங்க, யூ1, யூ10, யூ11, யூ2-ன்னு வரிசை குலைஞ்சு வரும். ரெண்டு இலக்கம்னா வரிசையா நிக்கும், ஸ்கிரிப்ட்ல கேள்விக்குறி போட்டு பேட்டர்னா எடுக்கவும் வசதி.

2. ஓஎஃப்ஏ ஓஎஃப்ஏ-ன்றாங்களே, அத ஃபாலோ பண்ணலேன்னா ஆரக்கிள் ஓடாதா?

நல்லாவே ஓடும். /டெம்ப்-க்குள்ள போட்டாலும் ஓடும், என்னைக்காவது ஒரு நாள் யாரோ டெம்ப்ப க்ளீன் பண்ற வரைக்கும். ஓஎஃப்ஏ-ன்னா ஆப்டிமல் ஃப்ளெக்ஸிபிள் ஆர்க்கிடெக்சர், ஆரக்கிள்ல வேலை பார்த்த கேரி மில்சாப் 90களோட ஆரம்பத்துல உருவாக்கின வழக்கம், 1995-ல அத விரிவா ஒரு கட்டுரையாவும் எழுதினார். அப்புறம் அது ஆரக்கிளோட இன்ஸ்டலேஷன் கைடுக்குள்ளயே ஏறிடுச்சு, இப்ப இன்ஸ்டாலர் தானா காட்டற பாத்தும் அதோட சாயல்லதான் வரும்.

அது எதுக்குன்னா, ஒரே சர்வர்ல ரெண்டு மூணு வெர்ஷன் இருக்கும், நாலஞ்சு டேட்டாபேஸ் இருக்கும், ஒண்ணோட ஃபைல் இன்னொண்ணோட கலக்கக் கூடாது, புதுசா ஒரு டிஸ்க் வந்தா பழைய பேர் எதையும் தொடாம சேக்கணும், ராத்திரி 2 மணிக்கு தூக்கக் கலக்கத்துல லாகின் பண்றவன் பாத்தைப் பார்த்தவுடனே எது எங்க இருக்குன்னு சொல்லணும். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

3. ஆரக்கிள் பேஸ், ஆரக்கிள் ஹோம் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்ல. பேஸ்ங்கறது வீட்டு காம்பவுண்ட், ஹோம்ங்கறது அதுக்குள்ள இருக்கற ஒரு வீடு. பேஸ் /யூ01/ஆப்/ஆரக்கிள், இதுல கடைசில வர்ற ஆரக்கிள் வந்து சாஃப்ட்வேருக்கு சொந்தக்கார லினக்ஸ் யூஸரோட பேர். ஹோம் வந்து /யூ01/ஆப்/ஆரக்கிள்/ப்ராடக்ட்/19.0.0/டிபிஹோம்_1. ஒரே காம்பவுண்டுக்குள்ள 12.2.0/டிபிஹோம்_1, 19.0.0/டிபிஹோம்_1, 19.0.0/டிபிஹோம்_2-ன்னு எத்தன வீடு வேணா கட்டலாம்.

வீட்டுக்குள்ள சாஃப்ட்வேர் மட்டும்தான். லாக், ட்ரேஸ், ஆடிட் ஃபைல் எல்லாம் காம்பவுண்டுல, அதாவது பேஸுக்குக் கீழ அட்மின், டயாக்-ன்ற ஃபோல்டர்கள்ல. பழைய சர்வர்கள்ல பேர் கொஞ்சம் மாறியிருக்கும், 10ஜி-ல 10.2.0/டிபி_1-ன்னு பார்ப்பீங்க, 9ஐ-ல பெரும்பாலும் 9.2.0-வோட முடிஞ்சிரும், ஹோம் பேரே இருக்காது. பார்த்து பயந்துராதீங்க.

4. எங்க ஸ்டோரேஜ் டீம் /எஸ்எஸ்டி_டேட்டா-ன்னு மவுண்ட் பண்ணிக் குடுத்துட்டாங்க, அது இன்னும் தெளிவா தானே இருக்கு?

இன்னைக்குத் தெளிவா இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஸ்டோரேஜ் அரே-ய மாத்தி வேற டிஸ்க்குக்கு நகர்த்துவாங்க, ஆனா பேர மாத்த முடியாது, ஏன்னா கன்ட்ரோல் ஃபைல்ல (டேட்டாபேஸோட ஃபைல் எல்லாம் எங்க இருக்குன்னு எழுதி வச்சிருக்கற ஃபைல்) இருந்து பேக்கப் ஸ்கிரிப்ட் வரைக்கும் அந்தப் பேர்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும். நான் பார்த்த ஒரு சர்வர்ல /ஃபாஸ்ட்டிஸ்க்-ன்னு ஒண்ணு இருந்துச்சு, அந்த பாக்ஸ்லயே மெதுவான டிஸ்க் அதுதான். புதுசா வந்த பையன் பேர நம்பி ரெடோ லாக்க (டேட்டாவுல நடக்கற ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கற ஃபைல்) அங்க கொண்டு போய் வச்சுட்டான், ஒரு வாரம் கமிட் (மாற்றத்த உறுதி பண்றது) ஏன் இழுக்குதுன்னு எல்லாரும் தேடினோம்.

என்னைக் கேட்டா மொத்த விஷயமே இதுதான். நாளைக்கு மாறக்கூடிய எதையும் பேர்ல எழுதாதீங்க. டிஸ்க் வகை, வெண்டர் பேர், சைஸ், ப்ராஜெக்ட் பேர், எதுவும் வேணாம். /யூ02-ன்னு வைங்க, அது எந்த டிஸ்க்குன்னு தெரியணும்னா டிஎஃப் (டிஸ்க்ல எவ்ளோ இடம்னு காட்டற கமாண்ட்) அடிச்சா சொல்லப் போகுது.

5. அப்ப டேட்டாஃபைல் எல்லாம் எங்க போகணும்?

/யூ02/ஓராடேட்டா/ அப்புறம் டேட்டாபேஸ் பேர். டேட்டாபேஸ் பேர் ஓஆர்சிஎல்-ன்னா /யூ02/ஓராடேட்டா/ஓஆர்சிஎல். அந்த ஃபோல்டருக்குள்ள கன்ட்ரோல் ஃபைல், ரெடோ லாக், டேட்டாஃபைல் தவிர வேற எதுவும் வைக்கக் கூடாது, எக்ஸ்போர்ட் டம்ப், ஸ்கிரிப்ட், "சும்மா ஒரு காப்பி" எதுவும். பேக்கப்புக்கு /யூ03/ஃபாஸ்ட்_ரெகவரி_ஏரியா, முன்னாடி ஃப்ளாஷ்-ன்னு இருந்தத 11ஜி ரிலீஸ் 2-ல ஃபாஸ்ட்-ன்னு மாத்தினாங்க, பழைய சர்வர்ல ஃப்ளாஷ்-ன்னே இருந்தா அப்படியே விட்டுருங்க.

ஃபைல் பேரும் முக்கியம். சிஸ்டம்01.டிபிஎஃப், யூஸர்ஸ்01.டிபிஎஃப், அதாவது டேபிள்ஸ்பேஸ் (டேட்டாஃபைல்கள சேர்த்து வைக்கற தொகுப்பு) பேர், கூட ரெண்டு இலக்கம். கன்ட்ரோல்01.சிடிஎல். இது வரைக்கும் சரி. ரெடோ லாக்குக்கு மட்டும் வழக்கமான பேர் ரெடோ01.லாக், இந்த ஒரு இடத்துல எனக்கு அந்த ஸ்டாண்டர்டு மேல கோவம்.

6. ஏண்ணா கோவம்? .லாக்-ன்னு இருந்தா என்ன?

லாக்-ன்னு பார்த்தவுடனே அழிக்கற ஜாதி ஒண்ணு இருக்கு. முன்னாடி நான் இருந்த ஒரு இடத்துல, எங்கன்னு சொல்ல மாட்டேன், டிஸ்க் நிரம்புதுன்னு சிஸ்டம் அட்மின் ஒருத்தர் ஒரு க்ரான் ஜாப் (நேரத்துக்கு தானா ஓடற வேலை) போட்டார், பத்து நாளைக்கு மேல பழைய .லாக் ஃபைல் எல்லாத்தையும் அழிக்கற மாதிரி. டெஸ்ட் சர்வர்ல வேலை இல்லாம ஷட்டவுன் பண்ணி வச்சிருந்த ஒரு டேட்டாபேஸோட ரெடோ ஃபைல் மூணும் ஒரே ராத்திரில காலி. அவர் மேல தப்பு சொல்ல முடியல, ஏன்னா பேர் அவர்கிட்ட லாக்-ன்னு தானே சொல்லுச்சு.

அதனால நான் போடற டேட்டாபேஸ்ல ரெடோ01.ஆர்டிஓ-ன்னு வைப்பேன். ஆரக்கிளுக்கு எக்ஸ்டென்ஷன் என்னன்னு கவலையே இல்ல, மனுஷனுக்குதான் அது. டிபிசிஏ (டேட்டாபேஸ் உருவாக்கற டூல்) ஸ்க்ரீன்ல மாத்த முடியும், இல்லன்னா நீங்களே டேட்டாபேஸ் க்ரியேட் பண்ற ஸ்கிரிப்ட்ல மாத்திக்கலாம்.

7. ஓரா இன்வென்டரி-ன்னு ஒரு ஃபோல்டர் தானா வந்துருக்கு, அழிச்சுறலாமா?

ஐயோ, வேணாம். அந்த சர்வர்ல எந்த எந்த ஹோம் எங்க இருக்குன்னு இன்ஸ்டாலரும் ஓபேட்ச்சும் (பேட்ச், அதாவது திருத்தம் போடற டூல்) அதப் பார்த்துதான் தெரிஞ்சுக்கும். /யூ01/ஆப்/ஓராஇன்வென்டரி-ல இருக்கணும், அதாவது பேஸுக்குள்ள இல்ல, பேஸுக்குப் பக்கத்துல. ஏன்னா க்ரிட் சாஃப்ட்வேருக்கு (ஆரக்கிளோட க்ளஸ்டர், டிஸ்க் நிர்வாக சாஃப்ட்வேர்) வேற யூஸர் இருந்தா ரெண்டு பேருக்கும் அது பொது, அதான் ஓஇன்ஸ்டால்-ன்ற குரூப்ல இருக்கும். எங்க இருக்குன்னு குழப்பமா இருந்தா லினக்ஸ்ல /ஈடிசி/ஓராஇன்ஸ்ட்.லோக் ஃபைல திறந்து பாருங்க, ரெண்டு வரிதான் இருக்கும்.

ஆரம்பத்துல /யூ01/ஆப்ப க்ரியேட் பண்ணி பெர்மிஷன் குடுக்காம இன்ஸ்டால் பண்ணா, இது போய் ஆரக்கிள் யூஸரோட ஹோம் டைரக்டரிக்குள்ள உக்காந்துக்கும். பெரும்பாலும் அப்படித்தான் தொலைஞ்சு போகுது.

8. /யூ01 நிரம்பிடுச்சு ஆனா டேட்டா எல்லாம் /யூ02-ல தானே இருக்கு, என்ன தின்னுது?

மூணு இடம் பாருங்க. முதல்ல பேஸுக்குக் கீழ டயாக்/ஆர்டிபிஎம்எஸ்-ல ட்ரேஸ் ஃபோல்டர், அலர்ட் லாக்கும் அங்கதான் இருக்கும். ஏடிஆர்சிஐ-ன்ற டூல்ல பர்ஜ் பண்ணலாம் (பழசத் துடைக்கலாம்), சும்மா விட்டா ட்ரேஸ் ஃபைலுக்கு டீஃபால்ட் 720 மணி நேரம், அதாவது 30 நாள், அலர்ட் மாதிரி பெரிய விஷயங்களுக்கு 8760 மணி நேரம், ஒரு வருஷம். ரெண்டாவது டயாக்/டிஎன்எஸ்எல்எஸ்என்ஆர்-க்குக் கீழ லிஸனரோட (வெளிய இருந்து வர்ற கனெக்ஷன வாங்கறது) லாக், அந்த டெக்ஸ்ட் ஃபைல் இந்த பர்ஜ்ல போகாது, வருஷக்கணக்கா வளர்ந்து கிடக்கும்.

மூணாவதுதான் வில்லங்கம். அட்மின்-க்குக் கீழ ஏடம்ப் ஃபோல்டர். ஒவ்வொரு தடவை யாராவது சிஸ்டிபிஏ-வா (முழு அதிகாரத்தோட) உள்ள வந்தாலும் ஒரு குட்டி ஃபைல் அங்க விழும், மானிட்டரிங் ஸ்கிரிப்ட் நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போச்சுன்னா கணக்குப் போட்டுக்கோங்க. டிஎஃப் அடிச்சா இடம் இருக்குன்னு காட்டும், ஆனா ஃபைல் எழுத முடியாதுன்னு எரர் வரும், டிஎஃப்-ல மைனஸ் ஐ போட்டுப் பார்த்தா ஐநோட் (ஃபைல் எண்ணிக்கைக்கான கோட்டா) 100 சதவீதம்னு நிக்கும். அங்க போய் ஆர்எம் ஸ்டார் அடிச்சாலும் ஆர்க்யூமென்ட் லிஸ்ட் ரொம்ப நீளம்னு மறுத்துரும், ஃபைண்ட் போட்டுதான் அழிக்கணும்.

9. ஸிப்ப /ஹோம்/ஆரக்கிள்-ல பிரிச்சு இன்ஸ்டால் பண்ணேன், ஹோம் எங்க போடணும்னு கேக்கவே இல்லையே?

அங்கயே போட்டுருச்சு, வாழ்த்துக்கள். 12சி வரைக்கும் டேட்டாபேஸ் ஸிப்ப எங்க வேணா பிரிக்கலாம், இன்ஸ்டாலர் அங்க இருந்து ஹோமுக்குக் காப்பி பண்ணும். 18சி-ல இருந்து அந்தக் கதை மாறிடுச்சு, நீங்க எங்க ஸிப்ப பிரிக்கறீங்களோ அதுவேதான் ஹோம். அதனால முதல்லயே /யூ01/ஆப்/ஆரக்கிள்/ப்ராடக்ட்/19.0.0/டிபிஹோம்_1-ன்னு ஃபோல்டர் உண்டாக்கி, அதுக்குள்ள போய் அன்ஸிப் பண்ணி, அங்க இருந்தே ரன்இன்ஸ்டாலர ஓட்டணும். க்ரிட்டுக்கு இது 12.2-லயே வந்துடுச்சு.

10. சரி, தப்பான இடத்துல போயிடுச்சு, எம்வி போட்டு சரியான இடத்துக்கு நகர்த்தலாமா?

நகர்த்தலாம், அப்புறம் ஒண்ணும் வேலை செய்யாது. முழு பாத் ஹோமுக்குள்ள பல ஃபைல்ல எழுதியிருக்கும், பைனரிலயும் லிங்க் ஆகியிருக்கும், ஏழாவது கேள்வில சொன்ன இன்வென்டரிலயும் பழைய பாத்தான் இருக்கும், எந்த டேட்டாபேஸ் எந்த ஹோம்லன்னு பட்டியல் வச்சிருக்கற /ஈடிசி/ஓராடேப்-லயும்தான். டேட்டாபேஸ் இன்னும் க்ரியேட் பண்ணலேன்னா யோசிக்கவே யோசிக்காதீங்க, டீஇன்ஸ்டால் பண்ணிட்டு சரியான இடத்துல மறுபடி போடுங்க.

டேட்டாபேஸ் ஓடிக்கிட்டு இருந்தா புது ஹோம் ஒண்ண சரியான பேர்ல போட்டு, அதே பேட்ச் அளவுக்குக் கொண்டு வந்து, டேட்டாபேஸ மட்டும் அந்த ஹோமுக்கு மாத்துங்க. பழைய ஹோம்ல இருந்து கோல்ட் இமேஜ் (பேட்சோட சேர்ந்த ஹோம் காப்பி) எடுத்தீங்கன்னா பேட்ச் போடற வேலையும் மிச்சம். சிம்லிங்க் (வேற பாத்துக்குக் காட்டற குறுக்குவழி) போட்டு சமாளிக்கலாமான்னு ஒருத்தன் கேப்பான், அதுக்கு பதில் 13-ல இருக்கு.

11. ஹோம் பேர்ல 19.0.0-ன்னு இருக்கு, ஆனா நாங்க பேட்ச் போட்டு 19.22-க்கு வந்துட்டோம், பேர் பொய்யாயிடுச்சே?

பொய் இல்ல, 19.0.0-ன்றது ரிலீஸ் குடும்பத்தோட பேர், இந்த ஹோம் 19சி-ங்கறது மாறவே போறதில்ல. ரிலீஸ் அப்டேட் மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரும், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். 19.22-ன்னு பேர் வச்சுட்டு அதே ஹோம் மேல ஏப்ரல் பேட்ச் போட்டீங்கன்னா அப்பதான் உண்மைலயே பொய்யாகும், உள்ள 19.23, வாசல்ல 19.22-ன்னு போர்டு.

ஆனா ஒண்ணு. ஒவ்வொரு பேட்சுக்கும் புது ஹோம் போட்டு டேட்டாபேஸ அங்க மாத்தற வழக்கம் உங்க இடத்துல கறாரா இருந்தா, அந்த ஹோம் மேல மறுபடி யாரும் கை வைக்கவே மாட்டாங்கன்னா, 19.22-ன்னு வைக்கறதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. அந்தக் கறார் இல்லாத டீமுக்கு டிபிஹோம்_1, டிபிஹோம்_2 போதும், பேட்ச் எவ்ளோன்னு ஓபேட்ச் சொல்லும்.

12. ஆர்பிஎம்-ல போட்டேன், எல்லாம் /ஆப்ட்/ஆரக்கிள்-க்குள்ள போயிடுச்சு. யூ01 எங்க?

ஆர்பிஎம், அதாவது ரெட்ஹேட் வகை லினக்ஸோட ரெடிமேட் பேக்கேஜ், அப்படித்தான். 19சி-க்கு /ஆப்ட்/ஆரக்கிள்/ப்ராடக்ட்/19சி/டிபிஹோம்_1, உங்களக் கேக்காது. 18சி எக்ஸ்பிரஸ் எடிஷன்னா டிபிஹோம்எக்ஸ்இ. வேடிக்கை என்னன்னா 11ஜி எக்ஸ்பிரஸ் எடிஷன் அதுவும் ஆர்பிஎம்தான், ஆனா அது /யூ01-க்குள்ளதான் போகும். லேப்டாப்ல கத்துக்க இது போதும், ப்ரொடக்ஷனுக்கு ஸிப்ப எடுத்து நீங்களே இடம் பார்த்துப் போடுங்க, இல்ல குறைஞ்சபட்சம் /ஆப்ட்/ஆரக்கிள தனி டிஸ்க்கா மவுண்ட் பண்ணிட்டு போடுங்க.

13. டேட்டாபேஸ் ஓடிக்கிட்டுதான் இருக்கு, ஆனா நான் உள்ள போனா "ஐடில் இன்ஸ்டன்ஸ்"-ன்னு வருது. பேய் புடிச்சிருக்கா?

எக்கோ போட்டு ஆரக்கிள்_ஹோம் வேரியபிள் என்னன்னு பாருங்க. கடைசில ஒரு ஸ்லாஷ் கூடுதலா இருக்கும், இல்ல சிம்லிங்க் வழியா வேற பாத் குடுத்திருப்பீங்க. ஷேர்ட் மெமரிக்கான சாவிய ஆரக்கிள் ஹோம் பாத்தையும் எஸ்ஐடி-யையும் (இன்ஸ்டன்ஸோட பேர்) சேர்த்துதான் கணக்குப் போட்டு எடுக்கும், எழுத்துக்கு எழுத்து. டிபிஹோம்_1-ம் டிபிஹோம்_1/-ம் நமக்கு ஒண்ணு, அதுக்கு வேற வேற வீடு. எஸ்ஐடி-ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் லினக்ஸ்ல இதே கதிதான்.

அதனாலதான் ஹோமுக்கு சிம்லிங்க் வேணாங்கறேன். ஒருத்தன் லிங்க் வழியா ஸ்டார்ட் பண்ணுவான், இன்னொருத்தன் நேர் பாத்ல வருவான், டேட்டாபேஸ் டவுன்னு நினைச்சு ஸ்டார்ட்அப் அடிப்பான். பெரும்பாலும் மவுண்ட்ல ஓரா-01102-ன்னு தடுத்துரும், ஆனா ப்ரொடக்ஷன்ல அந்தப் பரிட்சைய யாரும் எழுத வேணாம். ஓராடேப்ல இருக்கறத ஓராஎன்வி ஸ்கிரிப்ட் வச்சு எடுத்துக்கோங்க, கைல டைப் பண்ணாதீங்க.

14. க்ரிட் ஹோம் மட்டும் ஏன் /யூ01/ஆப்/19.0.0/க்ரிட்-ன்னு வெளிய தனியா நிக்குது?

க்ளஸ்டர்ல ரூட்.எஸ்எச் ஸ்கிரிப்ட் ஓடும்போது க்ரிட் ஹோமுக்கு மேல போற பாத் மொத்தமும் ரூட் (லினக்ஸோட தலைமை யூஸர்) பேருக்கு மாறிடும். அத ஆரக்கிள் பேஸுக்குள்ள வச்சிருந்தீங்கன்னா காம்பவுண்ட் கேட்டே ரூட் பேருக்குப் பட்டா ஆயிடும், அப்புறம் ஆரக்கிள் யூஸர் உள்ள புது வீடு கட்ட முடியாது. அதான் வெளிய.

இதோட சேர்ந்த ஒரு விபத்து, பெர்மிஷன் எரர் வந்தவுடனே /யூ01/ஆப் மேல சௌன் மைனஸ் ஆர் (உள்ள இருக்கற எல்லாத்துக்கும் சொந்தக்காரர மாத்தற கமாண்ட்) அடிக்கறது. க்ரிட் ஹோம்ல ரூட்டுக்கு சொந்தமான ஃபைல் எல்லாம் போயிடும், போதாததுக்கு டேட்டாபேஸ் ஹோமோட பின்-ன்ற ஃபோல்டர்ல இருக்கற ஆரக்கிள் பைனரி மேல இருக்கற செட்யூஐடி பிட்டும் (யார் ஓட்டினாலும் சொந்தக்காரர் பேர்ல ஓட வைக்கறது) கழண்டுரும், லினக்ஸ்ல சௌன் அடிச்சா அது அப்படித்தான். அந்த பைனரில எல்எஸ் மைனஸ் எல் அடிச்சா எஸ் எழுத்து ரெண்டு தெரியணும், எக்ஸ் மட்டும் தெரிஞ்சா மாட்டிக்கிட்டீங்க.

15. 21சி போட்டேன், டிபிஎஸ் ஃபோல்டர்ல எஸ்பிஃபைலையே காணோம்ணா!

காணாம போகல, இடம் மாறிருக்கு. 18சி-ல ரீட் ஒன்லி ஹோம்-ன்னு ஒரு வசதி கொண்டு வந்தாங்க, 21சி-ல அதையே டீஃபால்ட் ஆக்கிட்டாங்க. மூணாவது பதில்ல சொன்ன "வீட்டுக்குள்ள சாஃப்ட்வேர் மட்டும்" கொள்கைய கடைசி வரைக்கும் கொண்டு போயிருக்காங்க, அவ்ளோதான். எஸ்பிஃபைல் (டேட்டாபேஸோட செட்டிங்ஸ் ஃபைல்), பாஸ்வேர்ட் ஃபைல் எல்லாம் பேஸுக்குக் கீழ டிபிஎஸ்-ல, டிஎன்எஸ்நேம்ஸ் மாதிரி நெட்வொர்க் ஃபைல் எல்லாம் பேஸுக்குக் கீழ ஹோம்ஸ்-ன்ற ஃபோல்டர்ல ஹோம் பேருக்குள்ள. ஓராபேஸ்கான்ஃபிக், ஓராபேஸ்ஹோம்-ன்னு ரெண்டு கமாண்ட் ஹோமோட பின்-ல இருக்கு, அத அடிச்சா பாத் சொல்லிரும். ஹோம்/டிபிஎஸ்-ன்னு கல்வெட்டு மாதிரி எழுதி வச்ச பழைய பேக்கப் ஸ்கிரிப்ட்தான் முதல்ல அடி வாங்கும்.

16. எங்ககிட்ட போஸ்ட்கிரஸும் எஸ்க்யூஎல் சர்வரும் இருக்கு, அதுக்கும் யூ01 தானா?

வேணாம், அது அது அதோட ஊர் வழக்கத்துல இருக்கட்டும். போஸ்ட்கிரஸ் டெபியன், உபுண்டுல டேட்டா /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/15/மெயின், கான்ஃபிக் தனியா /ஈடிசி-க்குள்ள. ரெட்ஹேட் பக்கம் போஸ்ட்கிரஸ் ப்ராஜெக்ட்டோட பேக்கேஜ் போட்டா /வார்/லிப்/பிஜிஎஸ்க்யூஎல்/15/டேட்டா. ரெண்டுலயும் நடுவுல மேஜர் வெர்ஷன் மட்டும்தான் இருக்கு பாருங்க, 15.4-ன்னு இல்ல, பதினொண்ணாவது கேள்வி ஞாபகம் வருதா? பிஜி_அப்கிரேட் ஓட்டும்போது பழைய பைனரி, புது பைனரி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வேணும், அதுக்கும் இது வசதி.

எஸ்க்யூஎல் சர்வர்ல எம்எஸ்எஸ்க்யூஎல்15.எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர்-ன்னு ஃபோல்டர் பார்த்துட்டு "2015 வெர்ஷனா சார்"-ன்னு ஒருத்தர் கேட்டார். 15-ங்கறது உள் வெர்ஷன் நம்பர், அது 2019. 16-ன்னா 2022, 13-ன்னாதான் 2016. புள்ளிக்கு அப்புறம் வர்றது இன்ஸ்டன்ஸ் பேர்.

17. ஏஎஸ்எம் இல்ல ஓஎம்எஃப் வச்சா பேர எல்லாம் ஆரக்கிளே வச்சுக்குதே, அப்புறம் இதெல்லாம் எதுக்கு?

ஏஎஸ்எம்-ன்னா ஆரக்கிளே டிஸ்க்க நிர்வகிக்கற முறை, ஓஎம்எஃப்-ன்னா ஃபைலுக்கு ஆரக்கிளே பேர் வைக்கற முறை. டேட்டாஃபைல் பேர் கவலை போயிடும், உண்மைதான். ஓஎம்எஃப்-ல ஓ1_எம்எஃப்_சிஸ்டம்_ அப்புறம் வாய்க்கு வராத எட்டு எழுத்து, அதையும் கைல எழுதி வச்சுக்காதீங்க, டேட்டாபேஸ கேளுங்க. டேபிள்ஸ்பேஸ ட்ராப் பண்ணா ஃபைலும் கூடவே போயிடும்ங்கறது பெரிய நிம்மதி, அனாதை ஃபைல் மிஞ்சாது. ஆனா ஹோம், பேஸ், இன்வென்டரி, டயாக் எல்லாம் சாதாரண ஃபைல் சிஸ்டத்துலதான் இருக்கும், அதுக்கு பேர் நீங்கதான் வைக்கணும்.

18. ப்ரொடக்ஷன க்ளோன் பண்ணி டெஸ்ட் எடுத்தோம், டெஸ்ட் சர்வர்லயும் /யூ02/ஓராடேட்டா/ப்ராட்-ன்னே இருக்கு. மாத்தணுமா?

இன்னைக்கே மாத்துங்க. இந்தப் பேர் நேத்து பொய் இல்ல, காப்பி பண்ண நிமிஷத்துல இருந்து பொய். ஆர்மேன் (ஆரக்கிளோட பேக்கப் டூல்) டூப்ளிகேட் ஓட்டும்போதே டிபி_ஃபைல்_நேம்_கன்வர்ட், லாக்_ஃபைல்_நேம்_கன்வர்ட் ரெண்டையும் குடுத்திருந்தா பேர் தானா மாறியிருக்கும். ரெண்டாவத மறக்கறவங்கதான் ஜாஸ்தி, டேட்டாஃபைல் எல்லாம் டெஸ்ட்-ன்ற ஃபோல்டர்ல, ரெடோ மட்டும் ப்ராட்-ல கிடக்கும். அதுவும் ஒரே சர்வர்ல க்ளோன் பண்ணா கன்வர்ட் ரொம்ப முக்கியம், ஏன்னா அங்க நிஜமான ப்ராட் ஃபைலே அதே பாத்ல உக்காந்துருக்கும்.

ஏற்கனவே க்ளோன் முடிஞ்சுருச்சுன்னா 12சி-க்கு அப்புறம் ஆன்லைன்லயே டேட்டாஃபைல மூவ் பண்ணலாம், ஆல்டர் டேட்டாபேஸ் மூவ் டேட்டாஃபைல், டேட்டாபேஸ நிறுத்த வேணாம். ரெடோவுக்கு அது செல்லாது, புது குரூப் சரியான பாத்ல சேர்த்துட்டு, லாக் ஸ்விட்ச் பண்ணி, பழசு இன்ஆக்டிவ் ஆனதும் ட்ராப் பண்ணுங்க. ட்ராப் பண்ணாலும் ஃபைல் டிஸ்க்ல கிடக்கும், கைல அழிக்கணும், அழிக்கறதுக்கு முன்னாடி ஹோஸ்ட்நேம் அடிச்சு நீங்க டெஸ்ட்லதான் இருக்கீங்களான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.